அடிப்பலகை

படகைப் பார்ப்பவரின் கண் முதலில் அதன் முகப்பில் தங்கும். பின்னர் அதன் வண்ணத்தில் தங்கும். கால் வைக்கும் தளத்தின் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. கடலோ, அந்தக் கேள்வியை ஒருநாள் கேட்டே தீரும்.

அமெரிக்க நாட்டின் தென்கிழக்கில் உள்ள புளோரிடாவில், மீன் பிடிக்கவும் உலாவி வரவும் பலர் கண்ணாடியிழையால் ஆன சிறு படகுகளை வைத்திருக்கின்றனர். அவற்றுள் பலவற்றின் நடுவே ஒரு பெட்டி நிற்கும். படகைத் திருப்பும் சக்கரமும், பொறியின் வேகத்தைக் காட்டும் கருவிகளும் அதன்மேல் பொருத்தப்பட்டிருக்கும். அதனைக் 'கன்சோல்' என்பர். அதன் உட்புறத்தில் தரையாகப் பதித்த பலகை ஒன்று உண்டு. பொறியை இயக்கும் மின்கல அடுக்கு அதன்மேல்தான் அமர்ந்திருக்கும்.

அத்தகைய படகு ஒன்றை ஒரு தந்தையும் பதினான்கு வயது மகனும் பேணி வந்தனர். ஒருநாள் மகன் பெட்டிக்குள் குனிந்து கையை ஊன்றினான். பலகை, நனைந்த ரொட்டியைப்போல் அமுங்கியது.

"அப்பா, இதன்மேல் புதிய பலகை ஒன்றை வைத்து மூடிவிட்டால் என்ன? மாலையிலேயே கடலுக்குப் போகலாமே!" என்றான்.

தந்தை திருப்புளியின் முனையைப் பலகையில் ஊன்றினார். அது தடையின்றி உள்ளே இறங்கியது. "எத்தனை பலகைகளை அடுக்கினாலும், அவை யாவும் இதன்மேல்தானே நிற்க வேண்டும்?" என்றார் அவர். மகன் விடை கூறவில்லை.

உப்புநீர்தான் மரத்தை அழித்திருக்கும் என்று மகன் எண்ணினான். உண்மை வேறு. மரத்தை அழுகச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. உப்பு அதன் வளர்ச்சியைத் தடுக்கும்; மழைநீரோ அதனை வளர்க்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைவாக இருப்பின் பூஞ்சை பெரும்பாலும் தழைப்பதில்லை. கம்பிகள் நுழையும் துளைகளின் வழியே கசிந்த மழைநீர், வெளியேற வழியின்றிப் பலகைக்குள் ஊறியிருந்தது. வெயிலும் காற்றும் புகாத இடமாதலால், அந்த ஈரம் உலரவே இல்லை.

இருவரும் வேலையைத் தொடங்கினர். முதலில் மின்கல அடுக்கின் எதிர்முனைக் கம்பியையும், பிறகு நேர்முனைக் கம்பியையும் கழற்றினர். ஒவ்வொரு கம்பியிலும் அடையாளச் சீட்டுக் கட்டினர். பழைய பலகை துண்டு துண்டாக உதிர்ந்தமையால், அட்டையில் அளவு வெட்டி, அதன்படி கடலுக்கேற்ற புதிய ஒட்டுப்பலகையை அறுத்தனர். எபாக்சி என்னும் பிசினை இருபுறமும் பூசினர். விளிம்புகளில் மட்டும் மூன்றுமுறை பூசச் செய்தார் தந்தை. மரம் நீரை மிகுதியாகக் குடிப்பது அறுபட்ட விளிம்பின் வழியே அன்றோ? திருகாணித் துளைகளையும் முதலில் பெரியனவாக இட்டு, பிசினால் நிரப்பி, அது இறுகிய பின்னர் அதன் நடுவே சிறு துளை இட்டனர். அதனால் திருகாணி மரத்தைத் தொடவே இல்லை. தேங்கும் நீர் வெளியேற ஒரு வழியும் அமைத்தனர்.

"யாரும் பார்க்காத இடத்திற்கு இத்தனை உழைப்பா, அப்பா?" என்று கேட்டான் மகன்.

அக்கேள்விக்கு விடை அந்த மின்கல அடுக்கிலேயே இருந்தது. அது எளிதில் தூக்க இயலாத சுமை. அமெரிக்கப் படகுத் தொழிலின் விதிமுறைப்படி அது எத்திசையிலும் 1 அங்குலத்திற்கு மேல் நகரலாகாது. அலையில் அது சரிந்தால் கம்பி அறும். பொறி மீண்டும் இயங்காது. தீப்பொறி எழவும் கூடும். பெட்ரோல் ஆவியோ காற்றினும் கனமானது. படகின் தாழ்ந்த இடங்களிலேயே தேங்குவது. இரண்டும் கூடினால் விளைவது என்ன என்பதைத் தந்தை விளக்கினார். மகன் அடுத்த திருகாணியை அவசரமின்றி முடுக்கினான்.

அன்று மாலை அவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. பிசின் இறுகும்வரை காத்திருந்தனர். பிறகு ஒருநாள், கரைக்கு வெளியே காற்று வலுத்தது. படகு அலையின் உச்சியில் ஏறிப் பள்ளத்தில் இறங்கியது. மகன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மின்கல அடுக்கு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பொறியின் ஒலி மாறவில்லை.

கரையில் நின்றவர்கள் படகின் வண்ணத்தைப் புகழ்ந்தனர். அடிப்பலகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மகனும் பேசவில்லை, ஆனால் அவன் அறிந்திருந்தான்.