எங்கே தேடுகிறது?

மூன்றே எழுத்துதான். எம், வி, என். அவள் இப்போது ஒவ்வொன்றாக, விசையைப் பார்த்துப் பார்த்து அழுத்துகிறாள். எண்டர் தட்டியதும் கறுப்புத் திரையில் அதே பதில்தான்: உள் கட்டளையாகவும் தெரியாது, வெளிக் கட்டளையாகவும் தெரியாது, இந்தப் பெயரில் ஓடக்கூடிய புரோகிராம் எதுவும் இல்லை.

பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினி லேப். கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. நாளை இறுதியாண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட் ரிவ்யூ. துறைத் தலைவரைப் பார்க்க வந்த என்னை, அவர் வகுப்பு முடித்து வரும்வரை இங்கே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கடைசி வரிசை நாற்காலி. முன்னால் அவள். அவளுக்கு வலப்பக்கம், ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பையன்.

"டவுன்லோட் பண்ணிட்டேன்ல? அப்புறம் ஏன் இல்லைங்குது?"

"டெலிட் பண்ணிட்டு திரும்ப டவுன்லோட் பண்ணு. எனக்கு அப்பிடித்தான் சரியாச்சு."

அவள் அப்படியே செய்கிறாள். அவள் தட்டும் மூன்றெழுத்து மேவனின் கட்டளை. ஜாவா புரோகிராமைக் கட்டித் தரும் மேவன், ஜிப் கோப்பாக வரும் மென்பொருள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போக அதில் எதுவும் இல்லை. ஓரிடத்தில் விரித்து வைத்துவிட்டு, வைத்த இடத்தை விண்டோஸுக்கு நாமே சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறாள். என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டி திரையின் ஓரத்தில் திறந்தே கிடக்கிறது. மீண்டும் மூன்று எழுத்து, மீண்டும் அதே பதில். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தோள் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் இறங்குகிறது.

"எனக்கு இதெல்லாம் வராது போல" என்கிறாள், யாரிடமும் இல்லாமல்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. அவள் எழுதிய புரோகிராமை இந்தக் கணினி இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவள் தவறினாள் என்று சொல்லும் கட்டத்துக்கே வேலை வரவில்லை. ஆனால் திரையில் வரும் மறுப்பைத் தன் தகுதி பற்றிய தீர்ப்பாக அவள் எடுத்துக்கொள்கிறாள். எத்தனை பிள்ளைகள் இப்படி வாசலிலேயே திரும்பிப் போயிருப்பார்கள்!

லேப் அசிஸ்டெண்ட் வருகிறார். நாற்பதைத் தாண்டியவர், இடுப்பில் சாவிக்கொத்து. பிள்ளைகளுக்கு அவர் அண்ணா. அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளுகிறாள். அவர் உட்காரவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நீயே உக்காரும்மா. என்ன சொல்லுதுன்னு சத்தமா வாசி."

அவள் பாதியில் நிறுத்துகிறாள். முழுவதும் வாசிக்கச் சொல்கிறார். வாசித்து முடித்ததும், "மேவன் இல்லைன்னா சொல்லுது?" என்று கேட்கிறார்.

"ஆமாண்ணா."

"இல்லைன்னு சொல்லலை. தெரியலைன்னு சொல்லுது. உன்னைத் தேடி உங்க ஊருக்கு ஒருத்தர் வர்றார்னு வையி. கையில நாலு தெருப் பேரு எழுதின சீட்டு. அந்த நாலு தெருவுலயும் விசாரிப்பார். நீ அஞ்சாவது தெருவுல இருந்தா, அப்பிடி யாரும் இங்க இல்லைன்னு போயிருவார். பாத்ங்கிறது அந்தச் சீட்டு. நீ என்ன எழுதிக் குடுத்திருக்கே, காட்டு."

பட்டியலின் கடைசி வரியில் மேவன் ஃபோல்டரின் முகவரி இருக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. எக்ஸ்புளோரரில் அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொல்கிறார். திறந்தால் உள்ளே கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். ஜிப்பை விரிக்கும்போது விண்டோஸ் தானாகப் போடும் கூடுதல் உறை அது. அதற்குள் பின், பூட், கான்ஃப், லிப். 'பின்'னுக்குள் போனால்தான் மூன்றெழுத்துக் கோப்பு இருக்கிறது.

"சீட்டுல எழுதின தெருவுல நின்னு மட்டும்தான் கேப்பார்மா. வீட்டுக்குள்ள நுழைஞ்சு பாக்க மாட்டார்."

அவள் 'பின்' வரைக்கும் முகவரியை நீட்டி எழுதுகிறாள். அதற்கு முன், பாத்தில் இருந்ததையெல்லாம் நோட்பேடில் ஒட்டி வைக்கச் சொல்கிறார் அவர். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. யூடியூபில் பார்த்து 'செட்எக்ஸ்' கட்டளையால் பாத்தை மாற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டளை 1024 எழுத்துக்கு மேல் போனால் மிச்சத்தை வெட்டிவிடும். நீளமான பாத் வைத்திருந்தவருக்கு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்களும் அன்றோடு காணாமல் போகும். பழைய பட்டியல் கையில் இருந்தால் பயமில்லாமல் கை வைக்கலாம்.

ஓகே, ஓகே, ஓகே. மூன்று பெட்டிகளையும் மூடிவிட்டு மறுபடி தட்டுகிறாள். அதே பதில்.

அவள் திரும்பி அவரைப் பார்க்கிறாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்த விண்டோவை எப்பத் திறந்தே?"

"காலையில."

"சீட்டோட நகலை அது காலையிலயே வாங்கி வச்சிருச்சு. நீ இப்ப மாத்தினது அதுக்குத் தெரியாது. மூடிட்டுப் புதுசா திற."

புரோகிராம் ஒன்று பிறக்கும்போது அதைத் திறந்துவிட்டவரிடமிருந்து சூழலின் பிரதி ஒன்று அதற்குக் கிடைக்கிறது. பிறகு மூலத்தை மாற்றினாலும் அந்தப் பிரதி மாறாது. விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினலில் இது இன்னும் ஏமாற்றும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது, விஎஸ் கோடையே மூடித் திறக்க வேண்டும். எத்தனையோ சரியான திருத்தங்கள் பழைய ஜன்னலில் சோதிக்கப்பட்டதால் தவறென்று கைவிடப்பட்டிருக்கும். இதை நினைக்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

புது ஜன்னல். புராஜெக்டைக் கட்டச் சொன்னதும் மேவன் பேசுகிறது. 'டவுன்லோடிங் ஃப்ரம் சென்ட்ரல்' என்று வரி வரியாக ஓடுகிறது. முதல்முறை ஓடும்போது மேவன் தனக்கு வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அவள் நாற்காலியின் விளிம்புக்கு வருகிறாள். பையனும் எட்டிப் பார்க்கிறான். ஓட்டம் நின்றபோது திரையில் சிவப்பு: 'இன்வேலிட் டார்கெட் ரிலீஸ்: 17'.

"ஜாவா 17 இருக்குண்ணா, காலையிலயே பாத்தேன்." வேகமாக ஜாவாவின் வெர்ஷனைக் கேட்டுக் காட்டுகிறாள். 17 என்றே வருகிறது.

"அது நீ கேட்ட ஜாவா. மேவன் எந்த ஜாவாவை வச்சிருக்குன்னு மேவன்கிட்டயே கேளு."

கேட்கிறாள். மேவன் தன் வெர்ஷனையும், தான் பிடித்திருக்கும் ஜாவாவின் வெர்ஷனையும், அது இருக்கும் இடத்தையும் சொல்கிறது. ஜாவா 1.8, அதாவது ஜாவா 8. ஒரே கணினியில் இரண்டு ஜாவா. ஜாவா என்று தட்டினால் தேடுவது பாத் வழியாக, மேலிருந்து கீழாக. முதலில் அகப்பட்டதோடு தேடல் நின்றுவிடும். மேவனோ 'ஜாவா ஹோம்' என்ற இன்னொரு வேரியபிள் இருந்தால் அது காட்டும் இடத்துக்கே நேராகப் போகிறது. ஜாவா 8 வைத்துப் பாடம் நடத்திய காலத்தில் யாரோ அதை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிவப்புக்கு இந்தப் பெண் எழுதிய எந்த வரியும் காரணமில்லை. பழுது அவள் இந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

இந்தத் தேடல் முறை நேற்று வந்ததல்ல. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே பாத் உண்டு. 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0 அதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. மேவன் போன்ற கட்டுமானக் கருவிகளின் முன்னோடியான 'மேக்' பிறந்ததும் இப்படிப் பாழான ஒரு காலைப்பொழுதால்தான். 1976, பெல் ஆய்வகம். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்ட ஒருவர், திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய விட்டுப்போனது தெரியாமல், சரியான புரோகிராமில் அரைநாள் பிழை தேடிச் சலித்து, சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்கு வந்து புலம்பினார். அந்தப் புலம்பலைக் கேட்டு ஃபெல்ட்மன் எழுதியது மேக். அங்கே புலம்பியவர் தேர்ந்த ஆராய்ச்சியாளர் என்பதை யாராவது இந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். கம்பைலரின் உள்ளமைப்பைத் தாள் தாளாகப் பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, அந்தக் கம்பைலர் கணினியில் எங்கே இருக்கிறது என்று தேட ஒருவர் ஒரு மணிநேரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் என்ன? அதற்கு மதிப்பெண் இல்லை. அதனால் அது சாவிக்கொத்துக்காரரின் பொறுப்பாகிவிட்டது.

என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகள். மாணவர் கணக்கில் கீழ்ப்பெட்டியைத் தொட முடியாது. அது கணினி முழுவதற்கும் பொது. மேல்பெட்டி அவளுக்கு உரியது. அதில் 'ஜாவா ஹோம்' என்று புதிதாக ஒன்று எழுதினால் பொதுவானதை அது மீறும். பாத் மட்டும் விதிவிலக்கு. அதில் பொதுப் பட்டியல் முன்னால் நிற்க, அவளுடையது பின்னால் சேரும். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுதிவிட்டாள், ஜாவா 17 ஃபோல்டர், அதன் 'பின்' வரைக்கும். சற்று முன் கற்ற பாடம். ஜன்னலைத் தானாகவே மூடித் திறந்தாள். 'ஜாவா ஹோம்' சரியாக வரையறுக்கப்படவில்லை என்றது மேவன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் அந்த வரியை, கேட்காமலே, சத்தமாக வாசித்தாள். எக்ஸ்புளோரரைத் திறந்து ஜாவா ஃபோல்டருக்குள் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"அண்ணா, இதுக்கு 'பின்' வேண்டாமோ? அதுவே சேத்துக்குதா?"

"சேத்துக்கும். உள்ள இருக்கிற 'பின்'னுல போய் ஜாவாவைத் தேடும். நீ 'பின்'னுன்னு குடுத்தா 'பின்'னுக்குள்ள இன்னொரு 'பின்'னைத் தேடும்."

பாத்துக்குக் கட்டளை நேரடியாக இருக்கும் இடம் வேண்டும், 'ஜாவா ஹோமு'க்கு மொத்தத் தொகுப்பின் தலைவாசல் வேண்டும். இரண்டையும் மனப்பாடம் செய்கிறவர் எப்போதாவது மாற்றி எழுதுவார். எந்த இடத்திலிருந்து யார் தேடுகிறார்கள் என்று கேட்கிறவருக்கு மனப்பாடம் தேவையில்லை. அந்தக் கேள்வி இப்போது அவளிடம் வந்துவிட்டது. இரண்டு முறை மட்டுமே மௌஸைத் தொட்டிருப்பார் அந்த மனிதர். அதுவும் பெட்டியை நகர்த்துவதற்கு.

அவர் அடுத்த வரிசைக்கு நகர்கிறார். அங்கே யாருக்கோ பிரிண்டர் ஓடவில்லை. அவள் 'பின்'னை அழிக்கிறாள், ஜன்னலை மூடித் திறக்கிறாள், ஓட விடுகிறாள். வரிகள் ஓடுகின்றன, நிற்கின்றன. 'பில்ட் ஃபெயிலியர்'.

"போச்சா?" என்கிறான் பையன்.

அவள் பதில் சொல்லாமல் மேலே உருட்டிக்கொண்டு போகிறாள். சிவப்பு வரியில் ஒரு ஃபோல்டரின் பெயர், அதையடுத்து ஒரு கோப்பின் பெயர், அதையடுத்து சதுர அடைப்புக்குள் வரி எண். அது அவளுடைய கோப்பு. இப்படி ஒரு குறியீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது கம்பைலர்.

"இது நான் எழுதினது" என்று சிரிக்கிறாள். "வேரியபிள் பேரை மாத்தினேன், இந்த எடத்துல மட்டும் மாத்தலை. இது என் தப்புதான்டா."

நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டு கோப்பைத் திறந்தாள்.