சேவல் காசும் ராமர் காசும்

கம்போங் மேடானிலிருந்து பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலுக்கு, சாலை நெரிசல் இல்லாவிட்டால், காரில் கால் மணி நேரம். வார இறுதியில் அங்கே கூடும் பழம்பொருள் சந்தையில் பழைய காசுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். நம் வீட்டு மைலோ டின்னில் கிடக்கும் தாத்தா காலத்துச் சில்லறை என்ன ரகம் என்று பழகிக்கொள்ள நல்ல இடம்.

நான் முதலில் தேடுவது சேவலை. ஒரு பக்கம் சேவல், கூடவே ஜாவி எழுத்தில் 'தானா மெலாயு'. மறுபக்கம் 'சத்து கெப்பிங்', 1247 என்ற ஆண்டு. அது ஹிஜ்ரி கணக்கு. ஆங்கில ஆண்டு 1831 வாக்கில். மன்னர் தலை இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் இல்லை. ஏனென்றால் இது அரசாங்கக் காசே அல்ல. சில்லறைத் தட்டுப்பாட்டில் திண்டாடிய சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தில் அடித்து வரவழைத்த டோக்கன். நம் சிலாங்கூர் பெயரைத் தாங்கிய கெப்பிங்கும் உண்டு. அதில் ஆண்டு 1251. விக்டோரியா ராணி தலையோடு கம்பெனி இங்கே வெளியிட்ட செண்டுக் காசில் 1845 என்றிருக்கும்.

'பேங்க் டோக்கன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது இந்தப் பக்கத்துச் சரக்கல்ல. வெள்ளியில் 1811 முதல் 1816 வரை என்றால் இங்கிலாந்து வங்கி. செம்பில், குதிரைமேல் இருக்கும் வீரன் டிராகனைக் குத்தினால் அப்பர் கனடா வங்கி, 1850கள்.

நம்மவர்கள் ஏமாறுவது வேறொன்றில். 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818', மறுபக்கம் ராமர் அல்லது அனுமன். சாமி மேடையில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விட்ட வில்லை அது. இரட்டைச் சிங்கச் சின்னம் போட்ட அசல் அரை அணாவில் 1818 என்ற ஆண்டு இருக்காது. பாட்டி கும்பிட்ட காசு என்றால் தாராளமாகக் கும்பிடுங்கள். காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள்.

வாங்குவதற்குமுன் அசலைக் கண்ணால் பார்க்க, கோலாலம்பூர் சாசானா கீஜாங்கில் பேங்க் நெகாரா அருங்காட்சியகம் இருக்கிறது. இன்னொன்று, புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்; பளபளத்த காசைச் சேகரிப்பாளர் தொடமாட்டார்.

சந்தைக்குப் போகும்போது ஒரு காந்தமும் சின்னத் தராசும் எடுத்துக்கொள்ளுங்கள். சூலம் ஏந்திய பிரிட்டானியா நிற்கும் வர்த்தக டாலரில் போலி அதிகம். அசல் வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. எடை 27 கிராமுக்குச் சற்றே குறைவாக இருக்கும். தராசை வெளியே எடுத்ததும் கடைக்காரர் முகம் மாறினால், அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுங்கள்.