ஜெட்டின் மேல் பொறித்த எண்

'விண்டேஜ்' என்ற சொல்லின் வேர் திராட்சை அறுவடையில் இருக்கிறது. மதுவின் ஆண்டைக் குறிக்கத் தொடங்கி, பழைய கார்களுக்கும் உடைகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் பரவிய அச்சொல், இன்று இந்தியத் தெருக்களில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் எதற்கும் பொருந்துகிறது. சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகள் கடந்த வண்டியே விண்டேஜ். அதற்குத் தனி எண் வரிசை, புதுப் பதிவென்றால் 20,000 ரூபாய்க் கட்டணம். மறுபுறம், 2014, 2015 ஆண்டுகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து, 2018இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த ஆணைகளால், 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வண்டி தில்லித் தலைநகர் வட்டாரச் சாலையில் ஓடக் கூடாது. அதன் கெடுபிடி 2025இல் கூடியும் தளர்ந்தும் மாறியது. ஆக, 15க்கும் 50க்கும் இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு வண்டி ஓடும் வண்டியும் அன்று, மரபுப் பொருளும் அன்று. அது வெறும் பழையது.

வடக்கு தில்லிக் குடியிருப்பு ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டு ஆறு ஆண்டுகளாக நிற்கும் 1991ஆம் ஆண்டு புல்லட் 350 இந்த இடைவெளியைச் சேர்ந்தது. அதன் உரிமையாளர் அஞ்சல் துறையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டி விண்டேஜ் ஆவதற்கு 2041 வரை காத்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு 84 வயது. ஆகவே அவர் வேறொரு வழியைத் தேர்ந்தார். தடையின்மைச் சான்று பெற்று, ஜபல்பூரில் மகள் வீட்டு முகவரியில் வண்டியை மறுபதிவு செய்வது. அங்கே ஆய்வாளர் முன் வண்டி ஓட வேண்டும். புகைச் சோதனையிலும் தேற வேண்டும். தேறாவிட்டால் பழைய இரும்பு வியாபாரிதான். கிலோ கணக்கில் விலை சொல்லும் அவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

2000ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதிக்குள் உற்பத்தியான இருசக்கர வண்டிகளுக்கு விதி அனுமதிக்கும் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9,000 பங்கு. இச்சோதனை வண்டி நின்றபடி, ஐடிலிங்கில் நடைபெறுவது. அந்த நிலையில் கார்ப்புரேட்டரின் பெரிய உறுப்புகளுக்கு அநேகமாக வேலையே இல்லை. ஸ்லைடு தாழ்ந்திருக்கும், ஊசி தன் குழாயில் இறங்கி அமர்ந்திருக்கும், மெயின் ஜெட் சும்மா இருக்கும். எஞ்சினுக்கு உணவூட்டுவது பைலட் ஜெட் என்னும் நகத்தளவுப் பித்தளைத் துண்டும், அதன் மயிரிழைத் துளையும், பக்கவாட்டிலுள்ள காற்றுத் திருகும்தான். ஆறு ஆண்டுகள் கிண்ணத்தில் நின்ற பெட்ரோலில் இலேசான பகுதி ஆவியாகி, எஞ்சியது பழுப்புப் பிசினாக இறுகி, முதலில் அடைத்ததும் அந்தத் துளையைத்தான். மறுபதிவின் முழுப் பாரமும் அங்கே வந்து இறங்கியது.

கார்ப்புரேட்டரைச் சுத்தம் செய்வது அரை நாள் வேலை. அதற்கு வேண்டியவற்றைச் சேர்ப்பதற்கு அவருக்கு மூன்று வாரங்கள் ஆயின. வேலையின் கடினமான பகுதி அதுதான் என்பதை மெக்கானிக்குகள் வெளியே சொல்வதில்லை.

புல்லட் உதிரிபாகங்களுக்குத் தில்லியில் கரோல் பாகின் நாயீவாலா சந்துதான் இடம். தமிழ்க் காது அப்பெயரை வேறுவிதமாகக் கேட்டுச் சிரிக்கும். திங்கட்கிழமை கரோல் பாகுக்கு வார விடுமுறை. மற்ற நாள்களில் கைப்பிடிகளும் சைலன்சர்களும் தொங்கும் கடைகளுக்கிடையே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். இந்த வண்டிகளை ஓட்டக் கூடாதென்று ஆணையுள்ள நகரத்தில்தான் இவற்றின் உறுப்புகள் இவ்வளவு செழிப்பாக விற்பனையாகின்றன என்பதில் அங்கு எவருக்கும் வியப்பில்லை. முதல் கடையில் இளைஞன் ஒருவன், "அங்கிள்ஜி, கம்பெனியா, லோக்கலா?" என்று கேட்டான். 'கம்பெனி' இங்கே பெயர்ச்சொல் அன்று, பெயரடை. எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை. தமிழகக் கடைவீதியிலும் 'கம்பெனி ஐட்டம்' என்று இதே பொருளில்தான் சொல்கிறார்கள். நம்பகத்தன்மைக்கு இரு மொழிகளும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கியிருப்பது தனியே ஆராயத்தக்கது.

அவன் எடுத்து வைத்தது ரிப்பேர் கிட். நெகிழிப் பைக்குள் மெயின் ஜெட், பைலட் ஜெட், ஊசி, மிதவை வால்வு, கேஸ்கட், இரண்டு ஓ-ரிங். அருகில் இன்னொரு பை, விலை மூன்று மடங்கு. இரண்டிலும் பைலட் ஜெட்டின் மேல் ஒரே எண் பொறித்திருந்தது.

இங்கே எண்ணைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பழைய புல்லட்டுகளில் இருந்தது பிரிட்டனின் ஆமல் கார்ப்புரேட்டர். 1927இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான பெயர் அது. ஆமல் ஜெட்டின் எண், ஒரு நிமிடத்தில் அதன் வழியே பாயும் திரவத்தின் கன சென்டிமீட்டர் அளவு. ஜப்பானின் கெய்ஹின் ஜெட்டின் எண்ணோ துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில்: 105 என்றால் 1.05 மில்லிமீட்டர். மிக்குனி தன் ஜெட்டுகளுக்குத் தனி அளவுமுறை வைத்திருக்கிறது. இந்த 1991 வண்டியில் இருப்பது, மிக்குனியின் கூட்டுறவோடு சென்னை யூகால் நிறுவனம் செய்த மிக்கார்ப். அதாவது, '110' என்ற ஒரே வடிவம் மூன்று இடங்களில் மூன்று பொருள் தருகிறது. மொழிபெயர்ப்போரைக் குழிக்குள் தள்ளும் போலி ஒத்த சொற்கள் போன்றவை இவை. உருவம் ஒன்றாக இருப்பதாலேயே ஆபத்தானவை. லோக்கல் உறுப்பில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எண் எதையும் குறிப்பதில்லை, அசலின் மேல் இருந்ததைப் பார்த்து வரைந்தது அவ்வளவே. எழுதப் படிக்கத் தெரியாதவர் கையெழுத்தைப் பார்த்து வரைவதைப் போல.

கணக்கர் இரண்டு பைகளையும் வாங்கினார். வாழ்நாள் முழுவதும் பேரேட்டின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டவர். இதையும் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தார். ஆனால் கால் மில்லிமீட்டர் அளவுள்ள துளையை வெறுங்கண்ணால் எப்படி ஒப்பிடுவது?

கரோல் பாகிலேயே, உதிரிபாகச் சந்திலிருந்து சிறிது தூரத்தில், நகைக்கடைகள் வரிசையாக உள்ள பேங்க் ஸ்ட்ரீட் இருக்கிறது. மனைவியின் வளையல்களைப் பல காலமாகப் பழுதுபார்த்துத் தரும் சிறிய கடை ஒன்றில் நுழைந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த மூன்று பைலட் ஜெட்டுகளைக் கணக்கர் கண்ணாடி மேசையில் வைத்தார்: விலை குறைந்தது, விலை மிகுந்தது, வண்டியிலிருந்து கழற்றியது. நகைக்கடைக்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் செருகினார். "பாபூஜி, இது முட்டை," என்று முதலாவதைத் தள்ளினார். துளை வட்டமாக இல்லை. இரண்டாவதில் வட்டம் சரி, விளிம்பில் பிசிறு. மூன்றாவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே பிசின் அடைத்திருக்கிறது, ஆனால் துளையிட்ட கை நல்ல கை என்றார்; இதை ஏன் மாற்ற வேண்டும் என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வியோடு பட்டியல் தலைகீழானது. அதுவரை தேடியது புதிய ஜெட்டை. இனித் தேட வேண்டியது பழைய ஜெட்டைத் துளை பெருக்காமல் தூய்மையாக்கும் பொருள்களை. கார்ப்புரேட்டர் பழுதுபார்ப்பில் பித்தளையை இயன்றவரை காப்பாற்று, ரப்பரைத் தயங்காமல் மாற்று என்பதே சரியான முறை. ரிப்பேர் கிட் விற்பவர்களுக்கு இது உவப்பாக இராது.

துளை பெருப்பது பெரும்பாலும் நல்ல நோக்கத்தினால்தான். அடைப்பை எடுக்க மெக்கானிக் கைக்கு வருவது கிளட்ச் கம்பியின் எஃகு இழை அல்லது ஊசி. எஃகு பித்தளையைக் கீறும். இரண்டு முறை குத்தினால் எண் மாறாது, துளை மாறிவிடும். கலவையில் பெட்ரோல் மிகும், ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு ஏறும், சோதனையில் தோற்கும் வண்டி 'கிழட்டு வண்டி' என்று பெயர் வாங்கும். அவர் பாகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையில் ஒரு மீட்டர் வளையும் மின்கம்பி வாங்கி, உறையை உரித்து, உள்ளிருந்த செப்பு இழைகளில் மிக மெல்லியதை எடுத்து வைத்தார். மென்மையான செம்பு பித்தளைக்குத் தீங்கு செய்வது அரிது. மூன்று வாரங்களில் வாங்கியவற்றுள் மலிவானது இதுவே.

அந்த இழைக்கும் பெரிய வேலை இருக்கவில்லை. நகைகளின் அழுக்கெடுக்க நகைக்கடைக்காரரிடம் அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தது. பெட்ரோல் வாடை தங்கத்துக்கு ஆகாது என்று முதலில் தயங்கியவர், கணக்கர் ஜெட்டை வீட்டில் சோப்பு நீரால் நன்றாகக் கழுவிக் கொண்டுவந்த பிறகு, அதைச் சோப்பு நீரோடு ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் இட்டுக் குவளையைத் தொட்டி நீரில் இறக்கினார். ஒலியதிர்வு கண்ணாடியைக் கடந்து போகும், அழுக்கு குவளையோடு நின்றுவிடும். கழுவாமல் இட்டிருந்தால் வாடையைவிடப் பெரிய தொல்லை வந்திருக்கும். எரியும் திரவம் எதுவும் அத்தொட்டிக்குள் போகக் கூடாது. மூன்று சுற்றுகளுக்குப் பின் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது துளையில் ஒரு புள்ளி ஒளி தெரிந்தது.

ரப்பர் விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. 1991இல் வார்த்த ரப்பர் இதை எதிர்பார்த்துச் செய்ததன்று. எத்தனாலில் ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், நின்றுபோன வண்டியின் கிண்ண அடியில் வெள்ளைப் பொடியாக அரிப்பு படிகிறது. சாதாரண நைட்ரைல் ஓ-ரிங்குக்குப் பதிலாக எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகை வேண்டுமென்று கேட்டபோது, நாயீவாலாவில் நான்கு கடைகள் கையை விரித்தன. ஐந்தாவது கடையில் இருந்த முதியவர் ஒன்றும் பேசாமல் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, வளையத்தை நகத்தால் அழுத்திப் பார்த்து இரண்டு எடுத்துத் தந்தார். பையும் இல்லை, எண்ணும் இல்லை, 'கம்பெனி' என்ற சொல்லும் இல்லை. கணக்கர் அதை நம்பினார். மிதவை வால்வையும் அந்தப் பெட்டியிலிருந்தே வாங்கினார்.

மற்றவற்றைச் சேர்க்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது: டப்பாவில் வரும் கார்ப்புரேட்டர் கிளீனர், புதிய பெட்ரோல் குழாய், சிறு வடிகட்டி, திருகுத் தலையில் சரியாக அமரும் திருப்புளி. கடைசியானதை இலேசாக நினைக்கக் கூடாது. பொருந்தாத திருப்புளி தலையை வழித்துவிட்டால் கிண்ணம் திறக்காது, மற்ற அனைத்தும் மேசையில் காத்திருக்கும். கிளீனரும் ரப்பரில் படக் கூடாது. வளையங்களைக் கழற்றிய பிறகே தெளிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்துக் கோத்து முடித்தார். காற்றுத் திருகை முழுதும் இறுக்கி, பின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். மிக்கார்ப்பில் இது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு. உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் மிகும், வெளியே வந்தால் குறையும். ஏழாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நான்கைந்து நிமிடம் தடுமாறி, கால் சுற்று மேலும் எடுத்ததும் அதன் பழைய தாளத்துக்கு வந்தது. மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

ஜபல்பூர் தில்லியைவிட ஏறக்குறைய இருநூறு மீட்டர் உயரம். காற்று சிறிது மெலிது. திருகை இன்னும் ஒரு துளி எடுக்க வேண்டியிருக்கலாம். அவ்வளவு நுண்ணிய வேறுபாடு அங்குள்ள சோதனைக் கருவிக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம். ரயிலில் பார்சலாக ஏற்றும் வண்டியின் தொட்டியில் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பதால், நிஜாமுதீன் நிலையத்தில் அவர் தொட்டியை வடித்தார். கேட்காமலேயே கார்ப்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்தார். இருக்கைக்கடியில் ஒரு சீட்டை ஒட்டியிருந்தார். கணக்கர் கையெழுத்தில் இரண்டு வரி: திருகு 1¾ சுற்று, பைலட் ஜெட் பழையது, மாற்ற வேண்டாம்.