ஒன்பது பேரின் நாடகம்

நெய்யாற்றின்கரை வட்டத்தில் காக்காரிசி நாடகம் ஆடும் ஒரு சிறு குழுவுடன் இரண்டு திருவிழாப் பருவங்கள் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கான களப்பணி அது. ஆய்வேட்டில் இடம்பெறாத ஒரு செய்தியை இங்கே எழுதுகிறேன். அதில் என் பிழையும் இருக்கிறது.

காக்காரிசி தென் திருவிதாங்கூரின் நாட்டார் நாடகம். குறி சொல்லிப் பிழைத்த காக்காலர் சமூகத்தின் பெயரால் அமைந்தது. சிவன் காக்கானாகவும், பார்வதியும் கங்கையும் காக்காத்திகளாகவும் பூமிக்கு வருகின்றனர். பந்தம் ஏந்திய காக்கான் கூட்டத்தின் நடுவே ஆடியபடி நுழைவான். தம்புரான் அவனை மறித்து, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று வினவுவார். அவ்வினாக்களுக்கான விடைகளாகவே நாடகம் விரியும். பேச்சில் மலையாளம், பாட்டில் தமிழ் மிகுதி. குறவஞ்சி படித்தவர்களுக்கு இதன் உறவு விளங்கும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. பாட்டுகள் அந்த எல்லைக்கு முந்தியவை.

நாடகக் கம்பெனி என்றதும் நம் நினைவுக்கு வருவது சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் சபைகள். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்ததும் அத்தகைய சபையில்தான். அங்கே நடிகர்கள் ஆண்டு முழுதும் கம்பெனி வீட்டில் ஒன்றாக உண்டு உறங்கினர். நான் சுற்றிய குழுவுக்கு வீடு இல்லை. ஒன்பது பேரில் ஐவர் ரப்பர் பால் வெட்டுபவர்கள். இலையுதிர்ந்து பால்வெட்டு நிற்கும் மாதங்களும் கோயில் திருவிழா மாதங்களும் ஏறத்தாழ ஒன்றே. அந்தப் பொருத்தத்தில்தான் குழு பிழைத்திருந்தது. கோயில் கமிட்டி தரும் தொகையில் முதலில் வண்டி வாடகை போகும். பிறகு ஒலிபெருக்கி, ஒப்பனைப் பொருள். மிஞ்சுவது ஒன்பது பங்கு. ஆசானுக்கும் ஒரு பங்குதான்.

ஒரு கருத்தரங்குக்கு இக்குழுவை அழைத்துச் சென்றேன். ஒதுக்கிய நேரம் நாற்பது நிமிடம். ஆசானுடன் அமர்ந்து நாடகத்தைச் சுருக்கியவன் நான். கதையை நகர்த்தாத பாட்டுகள், திரும்பத் திரும்ப வரும் அடிகள் என்று நான் கோடிட்டவற்றில் பெரும்பாலானவை தமிழ்ப் பாட்டுகள். அவை தம்புரானுக்குக் காக்காத்தி சொல்லும் விடைகள். ஆறு பேர் போதும் என்றாயிற்று. ஒரே ஜீப்பில் அடங்கினார்கள். நிகழ்ச்சி பாராட்டப்பட்டது. யாரோ அதைக் கைப்பேசியில் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார்கள்.

அடுத்த தை மாதம் கமிட்டிக்காரர்கள் ஆசானிடம், “அந்த நாற்பது நிமிட நாடகம் போதும்” என்றனர். அதன் பின் கானமேளா வைக்க வேண்டுமல்லவா? தொகையையும் அதற்கேற்பக் குறைத்தனர். முழு நாடகத்துக்கு இரண்டு வண்டி வேண்டும். அந்தத் தொகையில் அது இயலாது. மூன்று பேர் வீட்டில் நின்றுபோனார்கள். முப்பது ஆண்டுகளாகக் காக்காத்தி வேடம் கட்டிய முதியவர் அவர்களுள் ஒருவர்.

பாறசாலைக்கு அருகில் உள்ள அவர் வீட்டுக்குப் பதிவுக்கருவியுடன் சென்றேன். விடுபட்ட பாட்டுகள் அனைத்தையும் பாடினார். முடிந்ததும் கேட்டார்: “எனக்க பாட்டு கொள்ளாதா மக்களே?” நன்றாக இல்லையா என்று பொருள். நன்றாக இருக்கிறது என்றேன். “பின்ன எதுக்கு வெட்டினீங்க?” அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

இப்போது பனுவல் முழுமையாக ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறது. பதிவும் இருக்கிறது. ஆவணப்படுத்தல் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுகளை ஊரார் முன் பாடியவருக்கு இன்று மேடை இல்லை. வழக்கொழிந்துவரும் கலை என்று முன்னுரையில் எழுதியிருந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். தானாக ஒழிவதைப் போன்ற தொனி அதில் இருந்தது.

கருத்தரங்குகளுக்கு நாட்டார் கலைக் குழுக்களை அழைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரத்தைக் குறைக்கச் சொல்லும்முன், குறைத்தால் யார் வீட்டில் நிற்பார்கள் என்று ஆசானிடம் கேளுங்கள். இரண்டாம் வண்டியின் வாடகை நம் தேநீர்ச் செலவைவிடப் பெரிதாக இராது. வரும் பருவத்தில் ஒரு முழு இரவு நாடகத்துக்கு இடமும் தொகையும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பேருக்கும்.