காலுக்குப் பிறகு கம்பு

நம் வீடுகளில் கை தவறி டம்ளரைக் கீழே போடுகிற குழந்தைக்கென்று ஒரு தனி அகராதியே இருக்கிறது. ‘கண் என்ன பிடரியிலா இருக்கிறது?’ என்று அது தொடங்கும். ‘கையிலே என்ன வெண்ணெயா?’ என்று வளரும். ‘மந்தம்’ என்ற சொல்லில் போய் முடியும். முதல் இரண்டும் பாதகமில்லை. அவற்றைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? மூன்றாவதுதான் பொல்லாத சொல். கையைப் பார்த்துச் சொல்கிறோம். அது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் தங்கையின் பேரனுக்கு அந்தச் சொல் ஆறு வயதிலேயே கிடைத்துவிட்டது. அடுத்த தெருவில்தான் வீடு. அவன் சட்டைப் பொத்தானை மாட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூட வண்டி வந்து நிற்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குவான். பந்தை எறிந்தால், அது மார்பில் மோதிக் கீழே விழுந்த பிறகே அவன் கைகள் ஒன்று சேரும். கணக்கில் கெட்டிக்காரன், கதை சொல்ல ஆரம்பித்தால் நாள் முழுதும் கேட்கலாம். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் யாரோ, “பையன் கொஞ்சம் மந்தம்” என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவன் தெருவுக்கு விளையாட வருவதையே நிறுத்திவிட்டான். ஏனென்று கேட்டால், “காலு வலிக்கு, தாத்தா” என்பான். வைத்தியரிடம் காட்டினார்கள். “குறை ஒன்றும் இல்லை. நன்றாக ஓடியாட விடுங்கள்” என்றார் அவர்.

நம்முடைய உடம்பு நம்முடையதுதான் என்றாலும், அதை நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடிகிறதல்லவா? கை எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஐம்புலன்களில் சேராத இந்த உணர்வுக்கு 1906-ல் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு பெயரே வைத்தார். இதனோடு கண் தரும் சேதி, உட்காது தரும் சமநிலைச் சேதி எல்லாம் கூடிச் சிறுமூளையில் இசைய வேண்டும். பெரியவர்களுக்கு இது பழகிய கச்சேரி. சிறுவனுக்கோ இன்னும் சுருதி சேர்க்கிற நேரம். அந்த நேரத்தில் போய், ‘பாட்டு நன்றாயில்லை’ என்று எழுந்து போகலாமா?

ஆற்றங்கரைத் தோப்பில் மாலை வேளைகளில் ஓர் ஆசான் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. என் யோசனையின் பேரில் பையனை அங்கே சேர்த்தார்கள். நானும் தினம் துணைக்குப் போய்த் திண்டில் உட்கார்ந்துகொள்வேன். முதல் நாள் பயல் கண்ணெல்லாம், தென்னை மரத்தில் சாத்தியிருந்த கம்புகளின் மேலேயே இருந்தது. ஆசானோ கம்பைத் தொடவே விடவில்லை. தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்து, “வலது முன்னே, இடது பின்னே, திரும்பு” என்று காலடி சொல்லிக் கொடுத்தார். நம்மவன் வலது என்றால் இடதை வைத்தான். திரும்பு என்றால் விழுந்தான். ஆசான் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “ஏலே, இன்னொருக்கா” என்பார். அவ்வளவுதான்.

இந்த ‘இன்னொருக்கா’வில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு நாள் கெட்டித் தரையில் செய்த காலடியை மறுநாள் மணலில் செய்யச் சொல்வார். அதற்கடுத்த நாள் சரிவில். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. 1920-களில் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்பவர், சம்மட்டி அடிக்கிற தொழிலாளிகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் தோளும் முழங்கையும் அடிக்கு அடி ஒரே வழியில் போகவில்லை. ஆனால் சம்மட்டி மட்டும் குறியில் போய் விழுந்தது. பழக்கம் என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வதல்ல, ஒரே சிக்கலை ஒவ்வொரு தடவையும் புதிதாக அவிழ்ப்பது என்று அவர் கண்டார். புதிதாகப் பழகுகிறவன் மூட்டுகளை விறைப்பாக்கிக்கொண்டு மரப்பாச்சி போல நிற்பதும் இயல்புதான் என்றார். பெர்ன்ஸ்டைனை ஆசான் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. மணலும் சரிவும் அவருக்குத் தெரியும்.

இரண்டு மாதம் போயிற்று. பையனின் தகப்பனார் பொறுமை இழந்தார்.

“மாமா, இன்னும் கையிலே கம்பே கொடுக்கலை. எதிர்வீட்டுப் பையன் கராத்தேயிலே மஞ்சள் பெல்ட்டே வாங்கிட்டான். 2024-லே கேலோ இந்தியா போட்டி இங்கே நடந்தப்போ சிலம்பத்தைக்கூடக் காட்டினாங்களே! இவனுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டாவது கிடைக்குமா?”

கராத்தேயின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாத் தீவில் இடோசு என்ற ஆசான் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனபோது, சிறுவர்களுக்காகவே எளிய வரிசைகள் ஐந்தை அமைத்தார். நல்ல ஆசான் எந்த நாட்டிலும் குழந்தையின் உடம்பைப் பார்த்துத்தான் பாடத்தை வெட்டித் தைக்கிறான். பட்டையின் நிறத்தைப் பார்க்கிறவர்கள் நாம்தான்.

மலையாளக் களரியில் இதற்கு ஒரு வரிசையே வகுத்திருக்கிறார்கள். முதலில் மெய்த்தாரி, அதாவது உடம்பைப் பழக்குவது. அதன் பின் கோல்த்தாரி, கம்பு. அதற்கும் பின்னால்தான் வாளும் கேடயமும் வரும் அங்கத்தாரி. கடைசியாக வெறுங்கை. வடகரை மீனாட்சியம்மாள் ஏழு வயதில் களரியில் இறங்கினார். 2017-ல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது எழுபதைத் தாண்டியிருந்தார். ஏழு வயதில் அவருடைய தகப்பனார் சர்ட்டிபிகேட்டுக்கு அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை ஆசானிடமே நேரில் கேட்டுவிட்டார்.

“கம்பு எங்க ஓடிரப் போவுது, தம்பி?” என்றார் ஆசான். “காலு நிலைக்காதவன் கையில கம்பக் குடுத்தா தன் மண்டையத்தான் அடிச்சுக்கிடுவான். பெறகு கம்பக் கண்டாலே பயம் வந்துரும். பய பயத்தோடதான் இங்க வந்தான். அது போவட்டும் மொதல்ல.”

மாப்பிள்ளைக்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்கோ அந்தக் கால்வலியின் காரணம் அன்றைக்குத்தான் விளங்கிற்று.

நான்காவது மாதம் பையன் படியில் ஒரு காலுக்கு ஒரு படியாக இறங்கினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனும் அதைக் கவனிக்கவில்லை. முழுவதும் சிலம்பத்தின் புண்ணியம் என்று நான் சாதிக்க மாட்டேன். நாலு மாதம் வளர்ந்தும் இருக்கிறானே! ஆனால் தெருப் பையன்கள் கூப்பிட்டபோது, கால்வலி என்ற பேச்சே எடுக்காமல் ஓடினான். எனக்கு அது எந்தப் பட்டைக்கும் குறைந்ததாகப் படவில்லை. ஐந்திலிருந்து பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது குழந்தைகள் ஓடியாட வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஓடு என்று சொல்வது எளிது. ஓடினால் சிரிப்பார்கள் என்று பயப்படுகிற குழந்தைக்கு, சிரிக்காத ஓர் இடம் அல்லவா முதலில் வேண்டும்?

போன வெள்ளிக்கிழமை ஆசான் ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்தார். பயலை அதை ஒட்டி நிமிர்ந்து நிற்கச் சொல்லி, நெற்றி உயரத்துக்குக் கரியால் கோடு போட்டு அறுத்தார். முனையைத் தேய்த்து வழவழப்பாக்கி அவன் கையில் கொடுத்தார்.

“அடுத்த வருசம் நான் வளந்துட்டா இது குட்டையாயிருமே?” என்றான் அவன், கவலையோடு.

“ஆகட்டும்லே. அதுக்குத்தானே இம்புட்டுப் பாடும்” என்றார் ஆசான்.