ஊர் தேடும் வண்டிகள்

அமெரிக்க நாட்டின் தென்மேற்கிலே, அரிசோனா மாநிலத்தின் மேற்கெல்லையை அண்டிக் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் உண்டு. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு நிலையாக வாழ்வோர் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவு. கோடையில் வெப்பம் 110 பாகை பரனைற்றையும் கடந்துவிடுமாதலால், அக்காலத்தில் அவ்வூர்த் தெருவில் நிழலைத் தவிர வேறெதுவும் அசைவதில்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் அங்கு செல்பவர் காணும் காட்சி வேறு. ஊரைச் சூழ்ந்த கற்பாங்கான பாலைநிலமெங்கும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வெண்ணிற வண்டிகள். சந்நிதியான் திருவிழாவுக்குக் கூடிய சனம் தத்தம் வீடுகளையும் சில்லுப் பூட்டி இழுத்து வந்துவிட்டாற்போன்ற தோற்றம்!

2025 ஆம் ஆண்டு தை மாதத்தில் நாமும் இல்லாளும் பீனிக்ஸ் நகரில் வாழும் எமது மைத்துனர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வந்தவர்களுக்குப் பெரிய பள்ளத்தாக்கையும் பெரிய கடைகளையும் மட்டும் காட்டி அனுப்புவது அவருக்கு ஒப்பவில்லை. வாழும் வண்டியொன்றை ஐந்து நாட்களுக்கு வாடகைக்கு அமர்த்தி, மேற்கே ஏறக்குறைய 130 மைல் ஓட்டிச்சென்று, அந்தப் பாலையின் நடுவே எம்மைக் கொண்டுபோய் இறக்கினார்.

இவ்வண்டியை அந்நாட்டார் ஆர்.வி. என்று சுருங்க அழைப்பர். எமக்குக் கிடைத்தது 28 அடி நீளமுடையது. அதற்குள்ளே கட்டில், குசினி, குளிர்சாதனப் பெட்டி, மலகூடம் யாவும் அடக்கம். பொத்தானொன்றை அழுத்தினால் சுவரின் ஒரு பகுதி லாச்சியை இழுத்தாற்போல வெளியே நீண்டு இருப்பறையை அகலமாக்கும். கூரைமேலிருக்கும் சூரிய ஒளித் தகடுகள் பகலெல்லாம் பற்றரிகளை நிரப்பும்; அடுப்பு எரிவாயுவில் எரியும். ஆனால் நீர் விடயத்தில் மட்டும் எவ்வித வித்தையும் செல்லாது. தாங்கி கொண்ட அளவே நீர். கழுவிய நீர் ஒரு தாங்கியிலும் மலக்கழிவு வேறொரு தாங்கியிலும் சேர, அவை நிறைந்ததும் அதற்கென அமைந்த நிலையத்துக்கு ஓட்டிச்சென்று குழாய் பூட்டித் தாமே வெளியேற்றல் வேண்டும். அரிசியை மூன்று முறை கழுவும் வழக்கமுடைய எம் இல்லாள் இரண்டாம் நாளே ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டார். கிணற்றடியில் வாளி வாளியாக இறைத்து ஊற்றிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு செம்பு நீரின் கனம் அங்கேதான் தெரிகின்றது.

அமெரிக்கருக்கு இப்பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. மலிவான போர்ட் மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், 1919 ஆம் ஆண்டிலே, புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரில் கூடாரமடித்த பயணிகள் சிலர் 'தகரப்பேணிப் பிரயாணிகள்' என்று தமக்குத்தாமே பெயரிட்டுச் சங்கமொன்று அமைத்தனர். பின்னர் வாலி பையம் என்பார் ஏர்ஸ்ட்ரீம் என்னும் பளபளக்கும் அலுமினிய வண்டிகளைச் செய்து விற்றதோடு அமையாது, 1959 இல் அவற்றின் அணிவகுப்பொன்றை ஆபிரிக்காவின் தெற்கு முனையிலிருந்து கெய்ரோ நோக்கி நடத்திச் சென்றார். 1956 இல் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் பெருவீதிகளுக்கு வழி வகுத்தபின் இவ்வண்டிகளுக்குத் தடையேது?

இவர்களுள் பெரும்பாலோர் குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து இறங்கி வருபவர்கள். வசந்தம் பிறந்ததும் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவர். வேறு சிலருக்குத் திரும்புவதற்கு வீடே இல்லை. வீட்டை விற்றுவிட்டு, இனி எவ்வூரில் வாழ்வது என்று தேடிக்கொண்டே ஓடுபவர்கள் அவர்கள். எமது வண்டிக்கு அடுத்து நின்ற வண்டியில் அத்தகையோர் இருவர் இருந்தனர்.

கணவர் எழுபதைத் தாண்டியவர். மிச்சிகன் மாநிலத்தில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். எமது தொழிலும் ஆசிரியத் தொழிலென்று அறிந்ததும், வயது வேற்றுமை பாராது தோழமை கொண்டுவிட்டார். அம்மையார் தாதியாகப் பணிபுரிந்தவர். பிள்ளைகள் இருவரும் நாட்டின் இரு கரைகளிலும் வாழ்கின்றனராம். 2018 ஆம் ஆண்டு வசந்தத்தில் வீட்டை விற்றுப் புறப்பட்ட இருவருக்கும், அவ்வாண்டு முடிவதற்குள் ஊரொன்றைத் தெரிந்து குடியேறிவிடுவதே எண்ணம். நாம் கண்டபோது ஏழாவது குளிர்காலம் நடந்துகொண்டிருந்தது.

பெரியவரிடம் தடித்த அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. பூகோள ஆசிரியரல்லவா! ஊருக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மழை, வெப்பம், கடல்மட்டத்துக்கு மேல் உயரம், வைத்தியசாலைக்குத் தூரம், வரி, காணி விலை என்று நிரல் நிரலாக வரைந்து புள்ளியிட்டிருந்தார். மாணவனின் விடைத்தாளைப் போல ஊர்கள் திருத்தப்பட்டிருந்தன. முதலிடம் பெற்ற ஊர்களை அவர் எமக்குக் காட்டிய விதமே துயரமானது. 2018 கோடையில் கலிபோர்னியாவில் பரடைஸ் என்னும் மலையூர் அவர்களுக்கு மிகப் பிடித்துப்போயிற்று. முற்பணம் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அவ்வாண்டு நவம்பர் 8 ஆந் திகதி மூண்ட காட்டுத்தீ அவ்வூரை ஏறக்குறைய முழுவதும் எரித்தது. அத்தீயில் 85 பேர் மாண்டனர். பல ஆண்டுகள் கழித்து, வட கரோலினாவின் ஆஷ்வில் நகரம் முதலிடம் பெற்றது. கடலுக்கு வெகுதொலைவில் மலைகளுக்கிடையே இருப்பதால் சூறாவளிக்கு அஞ்சவேண்டியதில்லை என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். 2024 செப்டெம்பரில் ஹெலீன் சூறாவளி கொணர்ந்த பெருவெள்ளம் அந்நகரின் ஆற்றங்கரைப் பகுதிகளை வாரிச் சென்றது. அரிசோனாவையே தெரிந்தால் என்ன என்றால், பீனிக்ஸுக்கு வடகிழக்கே ரியோ வெர்டே அடிவாரக் குடியிருப்புக்கு ஸ்கொட்ஸ்டேல் நகரம் தாங்கி வண்டி நீரை 2023 சனவரியில் நிறுத்தியதும், நல்ல வீடுகளில் வாழ்ந்தோர் மழைநீரை வாளியில் ஏந்தியதும் அவருக்குத் தெரியும். பூகோளம் கற்றவனுக்கு உலகில் குடியிருக்க இடமில்லை என்று கூறிச் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

அவர் தனித்து எம் இல்லாளிடம் சொன்னவற்றைப் பின்னர் கேட்டறிந்தோம். அவருக்கு ஊர் எதுவாயினும் சரியாம். தாம் காலையில் வாயிற்கதவைத் திறக்காவிட்டால் ஏன் இன்னும் திறக்கவில்லை என்று எட்டிப் பார்க்கும் ஒருவர் அங்கே இருந்தால் போதுமாம். அப்படிப்பட்ட நிரலொன்று கணவரின் குறிப்பேட்டில் இல்லை. முந்திய ஆண்டு பெரியவருக்கு நெஞ்சுவலி கண்டபோது, நள்ளிரவில், பெயர் தெரியாத ஊரொன்றின் வைத்தியசாலைக்கு அந்த நீண்ட வண்டியை அம்மையார்தாம் ஓட்டிச்சென்றாராம். உறவினர் எவரையேனும் அழைப்பதா என்று அங்குள்ளோர் கேட்டபோது, அழைக்கத்தக்கவர் எவரும் ஆயிரம் மைலுக்குள் இல்லை. அன்றிலிருந்து அவருக்குப் பயணம் கசந்துவிட்டது. கணவருக்கோ, இன்னும் ஓர் ஊரைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை.

வீடில்லாதவனுக்கும் முகவரி வேண்டும்; அதில்லாமல் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை, காப்புறுதி இல்லை, வாக்கும் இல்லை. இதற்கு அந்நாட்டில் கண்ட வழி விசித்திரமானது. தென் டக்கோட்டா மாநிலத்தில் ஒரேயோர் இரவு தங்கியதற்குரிய பற்றுச்சீட்டும் கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையமொன்றின் முகவரியும் இருந்தால், நாடோடியும் அம்மாநிலத்தவராய்ச் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். அங்கே வருமான வரியும் இல்லை. இத்தம்பதிகளும் சட்டப்படி தென் டக்கோட்டாவாசிகளே. அங்கு அவர்கள் கழித்த இரவுகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். 2023 இல் அம்மாநிலம் வாக்காளராகப் பதிவதற்கு 30 நாட்கள் அங்கு வசித்திருத்தல் வேண்டுமென்று சட்டமியற்றியபோது, பயணிகளிடையே பெருங்கூச்சல் எழுந்தது. வரி செலுத்தும் குடிமகனின் உரிமையைப் பறிக்கலாமோ என்பது பெரியவரின் வாதம். தாம் முகமறியாத ஊரிலே பிறர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை யார் நிருவகிப்பது என்று தாம் தீர்மானிப்பது முறையோ என்பது அம்மையாரின் வாதம். நெருப்பைச் சுற்றி மடக்குக் கதிரைகளில் அமர்ந்து இவ்வழக்கை அவர்கள் நடத்தியபோது, எமது தீர்ப்பு அம்மையாரின் பக்கமே சாய்ந்தது, வாய்திறந்து சொல்லவில்லை.

இங்கே வண்டிகளில் வாழ்வோரெல்லாம் விரும்பி வந்தவர்கள் என்று வாசகர் கருதிவிடலாகாது. 2008 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, முதுமையில் பண்டகசாலைகளிலும் கரும்புக்கிழங்கு அறுவடையிலும் கூலிவேலை செய்துகொண்டு வான் வண்டிகளில் உறங்குவோரும் பலர். ஜெசிக்கா புரூடர் 2017 இல் வெளியிட்ட 'நோமாட்லாண்ட்' என்னும் நூலும், அதைத் தழுவி 2020 இல் வந்த திரைப்படமும் அவர்களைப் பற்றியவை. எமது வரிசைக்கு அப்பால் பழைய வான்கள் நின்ற பகுதியில் மாலையில் நடந்தபோது, பெரியவரின் குறிப்பேடும் ஒருவகைச் செல்வமே என்று தோன்றிற்று. தெரிவுசெய்வதற்கும் கையில் ஏதேனும் இருக்கவேண்டுமல்லவா?

இரண்டு தமிழர் சந்தித்தால் முதலிற் கேட்பது, எந்த ஊர் என்பதே. அந்தப் பாலையிலோ முதற் கேள்வி, அடுத்து எங்கே செல்கிறீர்கள் என்பது. மூன்றாம் நாளிரவு பெரியவர் எம்மிடம், நீங்கள் உங்கள் ஊரை எவ்வாறு தெரிந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. எமக்கு விடை உடனே வரவில்லை. நாம் தெரிந்தெடுக்கவில்லை, பாட்டனார் கட்டிய வீட்டில் பிறந்தோம், அவ்வளவே என்றோம். ஒருமுறை மட்டும் அதைவிட்டு நீங்கியதுண்டு என்றும் சொன்னோம். 1995 ஐப்பசியில், எமக்குப் பதினைந்து வயதாயிருக்கையில், போரினால் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. ஒரு சைக்கிளில் ஏற்றக்கூடியதே எமது உடைமை. அவ்விரவு எவரும் ஊர்களை ஒப்பிட்டுப் புள்ளியிடவில்லை. அடுத்த ஆண்டு வழி திறந்ததும் கூரையில்லாத அவ்வீட்டுக்கே திரும்பினோம். வேறு நல்ல இடம் பார்க்க எண்ணவில்லையா என்றார். எண்ணவில்லை என்றோம். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளாதது எமக்கு ஆறுதலாயிருந்தது.

மறுநாட் காலை அம்மையார் எங்களை ஊர் மயானத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே கல்லாலான சிறிய கூர்நுதிக் கோபுரமொன்றும் அதன் உச்சியில் செப்பாலான ஒட்டகமொன்றும் உள்ளன. அது ஹாஜி அலி என்பாரின் சமாதி. பாலைவழிப் போக்குவரத்துக்கு ஒட்டகங்கள் உதவுமா என்று ஐக்கிய அமெரிக்கப் படை சோதித்துப் பார்த்த காலத்தில், 1856 இல், துருக்கிப் பேரரசின் பகுதியிலிருந்து ஒட்டகங்களுடன் வந்திறங்கியவர் அவர். பெயர் நாவில் நுழையாத படைவீரர் 'ஹாய் ஜாலி' என்று திரித்தனர். உள்நாட்டுப் போரோடு அத்திட்டம் கைவிடப்பட்டது, அவர் கைவிடப்படவில்லை. சுமை ஏற்றியும் கனிப்பொருள் தேடியும் இப்பாலையில் அலைந்து 1902 இல் இங்கே மறைந்தார். சமாதி 1935 இல் எழுந்தது. நாடோடிகள் கூடும் ஊரில் யாவரும் பார்க்கச் செல்லும் கல் ஒரு நாடோடியின் கல்லே. அம்மையார் அதன் நிழலில் நெடுநேரம் நின்றார்.

கட்டணமின்றித் தங்கும் அப்பாலையில், 28 நாட்களில் 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கலாகாது. பின் 25 மைலுக்கு அப்பால் செல்லல் வேண்டும் என்பது அரசின் விதி. அவர்களுடைய பதினான்காம் நாளும் எமது ஐந்தாம் நாளும் ஒன்றாயின. பெரியவர் தாங்கிகளைச் சோதித்து, சில்லுகளுக்குக் கீழிருந்த பலகைகளை எடுத்து, நியூ மெக்சிக்கோ நோக்கிப் புறப்பட்டார். முகவரி கேட்டபோது தென் டக்கோட்டா முகவரியையே எழுதித் தந்தார்.

வைகாசி மாதத்தில் அம்மையாரின் கடிதம் வந்தது. நியூ மெக்சிக்கோவில் சில்வர் சிற்றி என்னும் பழைய சுரங்க ஊரருகே வண்டியின் கியர்ப் பெட்டி உடைந்துவிட்டதாம். குறிப்பேட்டில் அவ்வூருக்குப் பதினோராவது இடம். உதிரிப்பாகம் வர ஐந்து வாரமாகுமென்றதால் சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்தனர். காத்திருந்த நாட்களில் அம்மையார் ஊர் நூல்நிலையத்தில் சிறுவர்க்குக் கதை வாசிக்கத் தொடங்க, அது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என்றாயிற்று. ஒரு செவ்வாய் தடிமனால் செல்லாதபோது, நூல்நிலையத்திலிருந்து ஒருவர் சூப்புடன் வந்து கதவைத் தட்டினாராம். அதன்பின் வாடகையை ஓராண்டுக்கு நீட்டிவிட்டார்கள்.

அவ்வூரில் 1895 இல் வந்த வெள்ளம் முதன்மைத் தெருவையே பெரும் பள்ளமாக அரித்துவிட்டதென்றும், கடைக்காரர் தம் பின்கதவுகளை முன்கதவுகளாக்கிக்கொண்டு வாணிகத்தைத் தொடர்ந்தனரென்றும், அப்பள்ளம் இன்று மரநிழல் நிறைந்த பூங்காவாக இருக்கிறதென்றும் எழுதியிருந்தார். இவையெல்லாம் தம் கணவர் நாள்தோறும் போய்ப் பார்த்துவந்து சொல்பவையாம். வண்டி பழுது பார்க்கப்பட்டு வீட்டின் பின்புறம் நிற்கிறது. பெரியவர் இன்னும் இரவில் அதிலேதான் உறங்குகிறாராம். விடிந்ததும் கோப்பிக்கு உள்ளே வந்துவிடுகிறார்.