கூடம் கோணலா, கை கோணலா?



போன மாதம் பழைய மாணவர் ஒருவர் ஓசூரிலிருந்து போன் செய்தார். பெயர் வேண்டாம். 1996-இல் அரூர் பக்கம் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தவர். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு.

“சார், பாப்பா ரெண்டு வருஷமா ஷட்டில் ஆடுறா. இனிமே இந்த பேட் சரிப்படாது, ஒன்பதாயிரத்துல ஒண்ணு வாங்கிக் குடுங்கன்னு சொல்றாங்க. வாங்கலாமா? நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு. அதையே அவகிட்ட சொல்லிச் சொல்லி ஆறு மாசமா தள்ளிட்டு வர்றேன்.”

அந்தப் பழமொழியைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

“எதுவும் வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வா” என்றேன்.

தருமபுரியில் நான் காலையில் ஆடப் போகும் உள்ளரங்கத்துக்கு இருவரும் வந்தார்கள். பெண் நல்ல துடிப்பு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ வெண்கலம் வென்றாரே, அவர் படத்தைத்தான் அப்பாவின் போனில் முகப்பாக வைத்திருக்கிறாள். அவளுடைய பேட்டை வாங்கிப் பார்த்தேன். அலுமினிய வளையம். இரண்டு வருடமாக நரம்பு மாற்றவே இல்லை. கைப்பிடித் துணி தேய்ந்து வழுக்கியது.

பேட்டில் முதலில் சாவது நரம்புதான். ஆடாமல் மாட்டி வைத்திருந்தாலும் அதன் இழுவை குறைந்துகொண்டே போகும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருடத்துக்கு அத்தனை முறை நரம்பு மாற்ற வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முறைகூட மாற்றுவதில்லை.

ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். நான் மறுபக்கம் நின்று 20 பந்து கொடுத்தேன். எல்லாவற்றையும் அவள் டாஸ் அடிக்க வேண்டும். கோர்ட்டின் கடைசி இரண்டு கோடுகளுக்கு நடுவில் முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறதல்லவா, அதில் எத்தனை விழுகிறது என்று அவள் அப்பா எண்ணினார். 4 விழுந்தது.

அடுத்து, 600 ரூபாய் செலவில் புது நரம்பும் புதுக் கைப்பிடித் துணியும் போட்டோம். “இந்த வளையத்துக்கு 20 பவுண்டுக்கு மேல இழுக்க வேண்டாம் சார், கோணிக்கும்” என்றார் கடைக்காரர். இரண்டு வாரம் அதிலேயே ஆடச் சொன்னேன். திரும்பி வந்தபோது 20-க்கு 10 விழுந்தது. அப்பா முகத்தில் வெளிச்சம். “அப்போ பேட் மாத்த வேணாமா சார்?”

“இரு, இன்னும் முடியலை.”

அரங்கத்து நண்பர்களிடம் இரண்டு கார்பன் பேட் இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஒன்று அவர்கள் சொன்ன அதே ஒன்பதாயிரம் ரக பேட். தண்டு விறைப்பானது, தலைப்பக்கம் கனமானது. மற்றொன்று மூவாயிரத்துச் சொச்சம். 80 கிராமுக்குச் சற்று மேலே எடை, தண்டு கொஞ்சம் வளையும், தலையும் பிடியும் சமநிலை. எது என்ன விலை என்று அவளிடம் சொல்லவில்லை. விலை தெரிந்தால் கை பொய் சொல்லும்.

விலை உயர்ந்ததில் 8 விழுந்தது. 15 பந்து தாண்டியதும் முழங்கையைத் தடவிக்கொண்டாள். மற்றதில் 14. மறுநாள் வரிசையை மாற்றி ஆடவிட்டேன். கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

காரணம் எளிது. விறைப்பான தண்டு, மணிக்கட்டை மின்னல் போலச் சுழற்றுகிறவர்களுக்கானது. அந்த வேகம் இல்லாத கைக்குத் தண்டு கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் பந்து தூரம் போகும். நரம்பும் அப்படித்தான். உலக வீரர்கள் 30 பவுண்டு வரை இழுத்துக் கட்டுகிறார்கள். அதில் பந்து சரியாகப் படும் இடம் சுருங்கிவிடும். அவர்களுக்கு அந்த இடம் தவறாது. நமக்குத் தவறும்.

ஆக, அவளுக்கு பேட் மாற்ற வேண்டும் என்பது உண்மைதான். பழைய வளையம் அவள் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும் எல்லையைத் தாண்டிவிட்டாள். ஆனால் அவள் என்றோ ஆகப்போகிற ஆட்டக்காரிக்கு இன்று பேட் வாங்கக் கூடாது. இன்றைய கைக்கு வாங்க வேண்டும். மூவாயிரத்தில் முடிந்தது.

இப்போது அந்தப் பழமொழிக்கு வருகிறேன்.

1996-இல் நம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. பூப்பந்து அணியை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஐந்து பேர் ஆட்டம், மஞ்சள் கம்பளிப் பந்து, மர பேட். அந்தப் பையன், அதாவது இந்தப் பெண்ணின் அப்பா, “சார், என் பேட் கோணலா இருக்கு, பந்து வேற பக்கம் போகுது” என்று இரண்டு மூன்று முறை சொன்னான். எல்லார் முன்னாலும் நான் அந்தப் பழமொழியைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வட்டாரப் போட்டியில் தோற்றோம். அடுத்த வருடம் அவன் அணிக்கு வரவில்லை.

ஆண்டு முடிவில் பொருள் சரிபார்ப்பு. அந்த பேட்டை மேஜைமேல் வைத்தேன். தொட்டில் மாதிரி ஆடியது. அறை ஒழுகி, மழையில் மரம் முறுக்கிக்கொண்டிருந்தது. கூடம் நிஜமாகவே கோணல். பதிவேட்டில் ‘பழுது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஒரு வாத்தியார் எப்படி ஏழாம் வகுப்புப் பையனிடம் போய்ச் சொல்வது என்ற எண்ணம்.

அன்று அரங்கத்து வாசலில் டீ குடிக்கும்போது சொன்னேன். “தம்பி, அன்னைக்கு உன் பேட் உண்மையிலேயே கோணல்தான்ப்பா. தப்பு என்னோடது.”

அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். “தெரியும் சார். நான் அன்னைக்கே மேஜைமேல வெச்சுப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்தான் எழுந்து என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

என்னிடம் படித்தவர்களே, நீங்களும் இப்போது அப்பா, அம்மா, சிலர் ஆசிரியர்கள். பிள்ளை வந்து “இது சரியில்லை” என்றால் பழமொழி சொல்லாதீர்கள். உடனே கடைக்கும் ஓடாதீர்கள். முதலில் அதை வாங்கி மேஜைமேல் வைத்துப் பாருங்கள்.